ரிப்பேர் செய்துவிட்டுப் போன திருடன்

வீட்டுக்குள் புகுந்தவன் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ரோண்டா ப்ரையரின் தூக்கம் போனதற்கு அதுதான் காரணம்.

"போன சனிக்கிழமை காலையில இந்தக் கதவுக்குக் கைப்பிடியே கிடையாது. கயிறு கட்டி வச்சிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தா, இது."

அவள் காட்டிய இடத்தில் வெள்ளைப் பீங்கான் குமிழ் ஒன்று இருந்தது. முடி கனத்தில் விரிசல்கள். கழுத்தில் பித்தளை வளையம். அந்தச் சிடார் மரக் கதவோடு சேர்ந்தே பிறந்ததைப் போல உட்கார்ந்திருந்தது.

மோரா டன்ஸ்டன் குனிந்து பார்த்தாள். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரத்தில், மீன் வறுவல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள். அதற்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளைப் பார்த்து, நெருப்பு தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீடுகள் அவளிடம் பொய் சொல்வதில்லை. வீட்டுக்காரர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

"பாஸ், இந்தத் திருடனோட நம்பர் கிடைச்சா நானும் வாங்கிக்கறேன்" என்றான் பின்னால் நின்ற டெஸ் பின்னக். "எங்க வீட்டு பாத்ரூம் குழாய் ஒழுகுது."

டெஸ் மோராவின் உதவியாளன். பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவன். வாயை மூடச் சொன்னால் காதை மூடிக்கொள்வான்.

ரோண்டா சிரிக்கவில்லை. அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்திலிருந்து முன்னறைக்குப் போனாள். அங்கிருந்து திரும்ப கூடத்துக்கு வந்தாள். நடக்கும்போதே சுவரில் உரிந்து நின்ற பெயின்டை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே ஜூலை மாதத்துக் குளிர்காலச் சாரல். தகரக் கூரை விட்டுவிட்டு முனகியது.

"இது மட்டுமில்ல. அதுக்கு முந்தின சனிக்கிழமை அந்த ஜன்னல். நான் வாங்கினதிலேருந்து அசையவே இல்ல. இப்ப பாருங்க."

ஒரு விரலால் தூக்கினாள். ஆளுயர ஜன்னல் சத்தமில்லாமல் மேலே போய் நின்றது.

"அதுக்கு முன்னாடி அதோ, வளைவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் திராட்சைக் கொத்து செதுக்கின மரம் இருக்கே, அது. வெறும் ஓட்டைதான் இருந்துச்சு அங்க."

"உங்ககிட்ட வேலை செய்யற ஆள் யாராவது?"

"ஆள் வைக்க எங்கிட்ட ஏது வசதி? ஸ்கூல் பஸ் ஓட்டறேன். இந்த வீட்டை ஏலத்துல எடுத்ததோட எல்லாம் காலி. சாயங்காலம் வந்து நானே சுரண்டறேன். நானே பூசறேன்." ரோண்டா நின்றாள். "அதனாலதான் கிரெய்க் அப்படிச் சொல்றான்."

"கிரெய்க்?"

"என் தம்பி. ஜீலாங்ல இருக்கான். எல்லாத்தையும் நானே செஞ்சுட்டு மறந்துடறேன்னு சொல்றான்."

டெஸ் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மோரா அவன் காலை மிதித்தாள்.

"எங்க அம்மாவுக்கு ஐம்பத்தஞ்சுல மறதி ஆரம்பிச்சுது" என்றாள் ரோண்டா. "டீ கெட்டிலைத் துணி அலமாரியில வைப்பாங்க. அப்புறம் எங்க பேரே ஞாபகம் இல்லாம போச்சு. எனக்கு இப்ப ஐம்பத்திமூணு. திங்கட்கிழமை கிரெய்க் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கான். அதுக்குள்ள வேற ஒருத்தன் வந்துதான் இதெல்லாம் செஞ்சான்னு தெரியலைன்னா, வீட்டை வித்துட்டு அவன் வீட்டுப் பின்கட்டு ரூமுக்கு வந்துடறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

அன்று வெள்ளிக்கிழமை.

"சாவி யார்கிட்டல்லாம் இருக்கு?"

"என்கிட்ட. கிரெய்க்கிட்ட. ஏலம் போட்ட ஆபீஸ்லயும் ஒண்ணு இருந்திருக்கும். பூட்டை மாத்தலை. நூறு வருஷத்துக்கு மேல ஆன பூட்டு, மாத்த மனசு வரலை."

"சனிக்கிழமை மத்தியானம் எங்க இருப்பீங்க?"

"ஃபுட்பால் மைதானத்துல. எங்க கிளப் கேன்டீன்ல சூடா கறி அடைச்ச பை விக்கறது நான்தான். இது ஊருக்கே தெரியும்."

மோரா கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். குமிழைச் சுற்றியிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். திரும்பவும் மாட்டினாள்.

"என்ன தெரிஞ்சுது?" ரோண்டாவின் குரல் ஏறியது.

"கதவுல பழைய ஸ்க்ரூ ஓட்டை நாலு இருக்கு. இந்தத் தகடு அந்த நாலுலயும் அப்படியே உட்காருது. புதுசா ஒரு ஓட்டைகூடப் போடலை. கதவுல பழைய பெயின்ட் ஒரு வட்டமா நின்னிருக்கு. தகட்டோட ஓரமும் அதே வட்டம். கடையில வாங்கின குமிழ் எவ்வளவு பழசா இருந்தாலும் இப்படிப் பொருந்தாது."

"அப்படின்னா?"

"இது ரிப்பேர் இல்ல. கழட்டிட்டுப் போனது வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு."

ரோண்டா முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள். "எதிர்வீட்டு லெஸ்கிட்டக்கூடக் கேட்டேன். யாராவது வந்தாங்களான்னு. யாரும் வரலை, நீயே செஞ்சிருப்ப கண்ணு, மறந்திருப்பன்னு சொல்லிட்டார்."

"அவர்கிட்ட நானும் கேட்டுப் பாக்கறேன்" என்றாள் மோரா.

*

லெஸ் ஹோபனின் வீடு செங்கல் பெட்டி. முன்புறம் முழுக்க சிமென்ட் தளம். பக்கவாட்டிலும் சிமென்ட். ரோட்டோரம் எல்லோரும் புல் விட்டிருக்கும் பட்டையில்கூட அவர் ஜல்லி கொட்டியிருந்தார். தபால் பெட்டி சிமென்டில் முளைத்து நின்றது. கொல்லையில் பெரிய தகர ஷெட். அதில் பெரிய பூட்டு.

லெஸ் அறுபதைத் தாண்டியவர். புதுக் குடியிருப்புகளில் வீடுகளுக்கு மரச் சட்டம் அடிக்கிறவர். மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்று பேசினார்.

"இடிச்சுத் தள்ளு கண்ணுன்னு அவகிட்ட ஆரம்பத்திலேயே சொன்னேன். கேட்டாத்தானே? அடித்தூண் எல்லாம் உளுத்துப் போச்சு. கரையான். கூரை எப்ப வரும்னு தெரியாது. கிழவி ஈடி இருந்த காலத்திலேயே அது வீடு இல்ல, விறகு."

"ஈடி யாரு?"

"முன்னாடி இருந்த மிஸ் கால்ட். கல்யாணம் பண்ணிக்கலை. பூனைதான் குடும்பம். முதியோர் இல்லத்துக்குப் போனா, அங்கேயே முடிஞ்சுது. பெர்த்ல இருக்கற அண்ணன் பையன் வந்து பார்க்கக்கூட இல்லாம ஏலத்துக்கு விட்டுட்டான்."

"உங்க வேலை இதைவிட வேகம் இல்லையா?" என்றான் டெஸ்.

"ஒரு வாரத்துல ஒரு வீட்டுக்குச் சட்டம் நிறுத்திடுவேன் தம்பி. இவ ஒரு கதவைச் சுரண்ட ஒரு மாசம் எடுத்துக்கறா."

"சனிக்கிழமை மத்தியானம் யாரையாவது பார்த்தீங்களா?" மோரா கேட்டாள்.

"சனிக்கிழமை மத்தியானம் இந்தத் தெருவுல நாய்கூட நிக்காது. எல்லாம் மேட்ச்ல."

"நீங்க போறதில்லையா?"

"முட்டி வலி. பெஞ்சுல உட்கார முடியாது." லெஸ் எதிர்வீட்டைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்குத் தலையில ஏதோ சரியில்ல. அவ்வளவுதான்."

காருக்கு வந்ததும் டெஸ் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"தம்பிதான் பாஸ். சாவி இருக்கு. அக்காவைப் பயமுறுத்தி வீட்டை விக்க வச்சு, பாதியை அமுக்கப் பாக்கறான். எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்காமலேயே பிடிக்கலை."

"ஜீலாங்லேருந்து வாரா வாரம் வந்து, ஜன்னல் சட்டத்துக்குள்ள இருக்கற தூக்குக் கயிறை மாத்தி, எண்ணெய் போட்டு, ஒரு கீறல் இல்லாம மூடிட்டுப் போறானா? பயமுறுத்தறவன் பொருளை ஒளிச்சு வைப்பான். இப்படி நல்லது செய்ய மாட்டான்." மோரா வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஓடியது. "டெஸ், ஒரு வீட்டோட கைப்பிடி, மரச் செதுக்கல் எல்லாத்தையும் ஒருத்தன் எதுக்குக் கழட்டுவான்?"

"விக்க."

"வித்திருந்தா திரும்பி வராது. வேற எதுக்கு?"

டெஸ் யோசித்தான். "நான் கார் விக்கறப்ப ஒரு ஆளு வந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப ரேடியோ குமிழைப் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். அப்புறம், 'இதுல குமிழே இல்லையே, விலையைக் குறை'ன்னான். டயரை எட்டி உதைச்சு, 'இது ஓட்டைவண்டி'ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னான். கடைசியில வாங்கினது அவன்தான்."

மோரா அவனையே பார்த்தாள்.

"என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்ல. நீ சில சமயம் தெரியாமலேயே உபயோகமா இருக்க. இந்த வீட்டு ஏலத்தை நீ பார்த்தியா?"

"பின்ன? மே மாசம். ஓசி சினிமா ஆச்சே. தெருவே கையில காப்பியோட நின்னுச்சு. மெல்போர்ன்லேருந்து ஒரு ஜோடி வந்திருந்துது, ரெண்டு தடவை கையைத் தூக்கிட்டுக் கழண்டுக்கிச்சு. அப்புறம் நம்ம ரோண்டாவும், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பொம்பளையும். யாருன்னே யாருக்கும் தெரியலை. ரெண்டு பேரும் விடலை. ஆனா ஏலக்காரர் பாவம், தொண்டை கிழியக் கத்தினார். எவனோ ஒரு மூளையில்லாதவன் அந்த நேரம் பார்த்துப் புல்வெட்டும் மெஷினை ஓட்டிக்கிட்டே இருந்தான்."

"கடைசி வரைக்குமா?"

"இல்ல, நடுவுல நின்னுடுச்சு. அது நின்னதும் சிவப்புத் தொப்பியும் கையைக் கீழ போட்டுட்டா. சுத்தியல் விழுந்துது. ரோண்டா அழுதா."

மோரா எதிரே தெரிந்த தெருவைப் பார்த்தாள். பிறகு பின்கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டெஸ், உனக்குத் தெரிஞ்சதிலேயே கண்றாவியா ரிப்பேர் வேலை பண்றவன் யாரு?"

"நான்தான். எங்க அம்மா சர்ச்லகூடச் சொல்லுவாங்க."

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கு."

*

சனிக்கிழமை காலை. ஹார்டுவேர் கடை வாசலில் வெங்காயம் வைத்த சாசேஜ் ரொட்டியைத் தின்றுவிட்டு, பாத்ரூம் ஓட்டைகளுக்குப் பூசும் வெள்ளைச் சிலிக்கானில் இரண்டு டியூப் வாங்கிக்கொண்டு டெஸ் யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தான்.

முன்னறைக் கணப்பைச் சுற்றியிருந்த சிடார் வேலைப்பாட்டை ரோண்டா வாரக்கணக்கில் சுரண்டி வெளியே கொண்டு வந்திருந்தாள். பெயின்டுக்குள் புதைந்திருந்த இலையும் பூவும் இப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அதன் ஓரத்தில் மெல்லிய இடைவெளி ஒன்று இருந்தது.

"அதுலயா? சிலிக்கானா?" ரோண்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அது மரத்துல ஒட்டினா போகாது!"

"போகும். இன்னைக்கே போகும். நீங்க எடுக்க வேண்டியதில்லை" என்றாள் மோரா. "நீங்க வழக்கம் போல கிளம்பிப் போங்க. தெருவுல எல்லாரும் பார்க்கிற மாதிரி போங்க. நான் போன் பண்ணினா உடனே வாங்க."

ரோண்டா கேன்டீன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். டெஸ் வேலையை ஆரம்பித்தான். முடித்தபோது கணப்பைச் சுற்றிப் பல் தேய்த்துவிட்டுத் துப்பியதைப் போல இருந்தது. போதாததற்கு, கதவுச் சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பலகையைக் கோணலாக வைத்து, மூன்று பெரிய ஆணிகளை அடித்தான். ஒன்று வளைந்துவிட்டது. அதை அப்படியே தட்டிப் படுக்கவைத்தான்.

"அருமை" என்றாள் மோரா. "என்னாலயே பார்க்க முடியலை."

இருவரும் பக்கத்துப் படுக்கையறையில் பதுங்கினார்கள். குளிர் எலும்பைக் கவ்வியது. தூரத்தில் மைதானத்திலிருந்து கூட்டத்தின் இரைச்சல் எழுந்து அடங்கியது. தெருவில் நடமாட்டமே இல்லை. டெஸ் கால் மாற்றி நின்றான். மோரா அவனை முறைத்தாள். மறுபடி மாற்றினான்.

பின்கதவில் சாவி திரும்பியது.

நிதானமான காலடி. கனமான எதையோ ஜாக்கிரதையாகக் கீழே வைக்கும் ஓசை. கம்பளியைப் பிரிக்கும் சரசரப்பு. பிறகு கூடத்தைத் தாண்டி முன்னறைப் பக்கம் வந்த காலடி, நின்றது.



"அட, எந்தக் கழுதைடா இது?"

டெஸ் விறைத்தான்.

"கண்ணு தெரியாதவனா? கையில்லாதவனா? சிடார்ல சிலிக்கான்! இவனையெல்லாம் உள்ள தள்ளணும். ஐயோ, ஆணி... மூணு ஆணி... வளைஞ்ச ஆணி!"

"பாஸ்" என்று டெஸ் கிசுகிசுத்தான். "போய்ப் பிடிச்சுடலாம்."

"இரு."

முன்னறையில் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. பையைத் திறந்து கருவிகளை எடுக்கிறான். குழாயில் தண்ணீர் பிடிக்கிறான். சுரண்டும் ஓசை ஆரம்பித்தது. மெல்ல, சீராக, பொறுமையாக. நடுநடுவே டெஸ்ஸின் முன்னோர்களைப் பற்றிய சில கருத்துகள்.

"இன்னும் எதுக்குக் காத்திருக்கோம்?" டெஸ்ஸின் காது சிவந்திருந்தது.

"முடிக்கட்டும். நீ பூசினதை நீயா எடுக்கப் போற?"

மோரா ரோண்டாவுக்குப் போனில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாள். சுரண்டல் ஓய்ந்து, ஆணி பிடுங்கும் கிரீச்சொலி கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

கணப்பின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார் லெஸ் ஹோபன். முட்டிக்குக் கீழே ரோண்டாவின் தலையணை. வளைந்த ஆணியைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"இதைப் பண்ணினது யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க."

டெஸ் கையைத் தூக்கினான்.

"தம்பி, நீ இனிமே சுத்தியலைத் தொடாதே. உனக்கும் நல்லது, சுத்தியலுக்கும் நல்லது."

"முட்டி வலி எப்படி இருக்கு, லெஸ்?" என்று மோரா கேட்டாள்.

அப்போதுதான் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. ஆணியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இவர்னு உங்களுக்கு எப்ப தெரியும் பாஸ்?"

"ஏலம் நடக்கறப்ப யாரோ புல் வெட்டினாங்கன்னு நீ சொன்ன. தெரு பூரா எல்லாரும் வேடிக்கை பார்க்க வெளியில நின்னாங்க. வீட்டுல இருந்தது யாரு? நேத்து இவர் வீட்டு முன்னாடி நின்னோமே, ஒரு புல்லாவது பார்த்தியா?"

டெஸ் ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தான். சிமென்ட். ஜல்லி. சிமென்ட்.

"மெஷின் ஓடினா, மேல கேளு. நின்னா, நிறுத்திடு. சிவப்புத் தொப்பிக்கு அதுதான் சைகை." மோரா லெஸ்ஸைப் பார்த்தாள். "யார் அந்தம்மா?"

"என் மச்சினி. ஹார்ஷம்ல இருக்கா." லெஸ்ஸின் குரல் இறங்கிவிட்டது. "நான் கையைத் தூக்கினா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே. இது விறகு, இது குப்பைன்னு ரெண்டு வருஷமா ஊர் பூரா சொல்லிக்கிட்டிருந்தவன் நான்."

"பூனைக்குச் சோறு வைக்கன்னு மிஸ் கால்ட் உங்ககிட்ட சாவி குடுத்திருப்பாங்க. அவங்க இல்லத்துக்குப் போனதும் ஒண்ணொண்ணா கழட்டினீங்க. வீடு மொட்டையா நின்னா விலை ஏறாது. வாங்கினதும் எல்லாத்தையும் திரும்ப மாட்டிக்கலாம்."

"ஆமா."

"ஆனா இந்தப் பொம்பளை விடலை."

"ஆமா" என்றார் லெஸ் மறுபடியும். "வாழ்க்கை பூரா பெட்டி பெட்டியா வீடு அடிச்சேன். ஆணியைத் துப்பாக்கியில வச்சுச் சுடுவோம், அடுத்த வீட்டுக்குப் போவோம். ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. இது ஒண்ணு வேணும்னு ஆசைப்பட்டேன். கிடைக்கலை. ஷெட்டுல அதெல்லாம் அப்படியே கிடந்துது. வேற எந்த வீட்டுக்கும் பொருந்தாது. ராத்திரி இங்க விளக்கு எரியும். கைப்பிடி இல்லாத கதவை அவ உட்கார்ந்து சுரண்டிக்கிட்டிருப்பா. என்னால பார்க்க முடியலை."

"குடுத்திருக்கலாமே?"

"திருடினேன்னு சொல்லிக் குடுக்கணுமே."

கூடத்தில் மூச்சு வாங்கும் சத்தம். ரோண்டா நின்றிருந்தாள். ஏப்ரனில் தக்காளிச் சாஸ் கறை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ, முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிட்டது தெரிந்தது.

"நான் உன்கிட்ட வந்து கேட்டேன்" என்றாள். இதுவரை அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "மழையில நின்னு கேட்டேன் லெஸ். யாராவது வந்தாங்களான்னு. நீ என்ன சொன்ன?"

லெஸ் எழ முயன்றார். முட்டி நிஜமாகவே வலித்தது.

"என்ன சொன்ன?"

"நீயே செஞ்சுட்டு மறந்திருப்பன்னு."

"எங்க அம்மாவைப் பத்தி உனக்குத் தெரியுமா?"

"அப்ப தெரியாது. சத்தியமா தெரியாது. அப்புறம்தான் கடையில யாரோ சொன்னாங்க."

"தெரிஞ்ச அப்புறமும் வந்து சொல்லலை."

 ரோண்டா போனை எடுத்து எண்ணை அழுத்தி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் தம்பி. சொல்லு."

எதிரே கிரெய்க்கின் குரல், "என்னக்கா, மறுபடி என்ன ஆச்சு?" என்றது. லெஸ் தொண்டையைச் செருமினார். கைப்பிடி, ஜன்னல், திராட்சைக் கொத்து, எல்லாம் தான்தான் என்று முழுக்கச் சொன்னார்.  பிறகு கிரெய்க் சொன்ன வார்த்தைகளைக் கேட்டு டெஸ்கூட முகம் சுளித்தான்.

ரோண்டா போனை வைத்தாள். தோள்கள் இறங்கின. திடீரென்று சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"ஒண்ணு தெரியுமா? நீ மட்டும் கழட்டலைன்னா, மெல்போர்ன் ஜோடி விட்டிருக்காது. இந்த வீட்டை என்னால நினைச்சே பார்த்திருக்க முடியாது. எனக்காகவே நீ விலையைக் குறைச்சிருக்க!"

லெஸ் வாயைப் பிளந்தார். டெஸ் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"போலீஸைக் கூப்பிடணுமா?" மோரா கேட்டாள்.

"அப்புறம் பார்க்கலாம். அந்தக் கம்பளியில என்ன?"

லெஸ் கூடத்துக்குப் போய் விரித்துக் காட்டினார். வாசல் கதவுக்கு மேலே பலகை அடித்து மறைத்திருந்த அரைவட்டத்துக்குரிய வண்ணக் கண்ணாடி. நடுவில் நீலக் குருவி ஒன்று. மேகத்துக்குள்ளிருந்து வந்த கொஞ்சம் வெளிச்சத்திலேயே அது தரையில் நீலத்தைக் கொட்டியது.

ரோண்டா குந்தி உட்கார்ந்து அதைத் தொட்டாள். "இதுதான் கடைசியா?"

"கடைசி. இனி ஷெட்டுல ஒண்ணுமில்ல. தேய்ச்சுத் துடைச்சதுதான், ஜன்னல் கயிறைத் தவிர வேற எதையும் மாத்தலை. பெயின்ட் டப்பாவை நான் திறக்கவே மாட்டேன். சுரண்டறதோட சரி."

"பொய்" என்றாள் ரோண்டா சிரித்தபடி. "வியாழக்கிழமை சமையலறைல சாமான் அறைக் கதவுக்குப் பச்சை அடிச்சியே. அது ஒண்ணை மட்டும் நான் இவங்ககிட்டச் சொல்லலை. சொல்லப் பயமா இருந்துச்சு. எங்க அம்மா சமையலறையும் அதே பச்சைதான். எப்படித்தான் அந்த நிறத்தைப் பிடிச்சியோ!"

லெஸ்ஸின் கை கண்ணாடியின் மேல் நின்றது.

அவர் மோராவைப் பார்த்தார். மோரா அவரைப் பார்த்தாள். 

"ஆமா, அது..." என்றார் லெஸ். "கடையில அந்தப் பச்சைதான் இருந்துச்சு. மீந்துபோன டப்பா. சரி, அடிச்சுடலாம்னு..."

"வியாழக்கிழமையா?"

"வியாழக்கிழமைதான்."

"ராத்திரியா, காலையிலயா?"

"ரா... காலையில."

"நான் காலையில எழுந்தப்பவே காய்ஞ்சிருந்துது, லெஸ்."

தகரக் கூரை முனகியது. ரோண்டா தன் வலது கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் ஒரு நக இடுக்கில் இன்னும் ஒரு கீற்றுப் பச்சை இருந்தது. பிறகு அந்தக் கையைக் கண்ணாடிக் குருவியின் மேல் வைத்தாள்.

"இத்தனை நாள் என்கிட்ட நல்லாத்தான் பொய் சொன்ன. நல்லது செய்யப் போறப்ப உனக்குப் பொய் வரலை."

"ரோண்டா, கண்ணு..."

"பரவாயில்ல." அவள் எழுந்தாள்.  அறைக்கு அறை அலைந்த அந்தத் தவிப்பு அவளிடம் இப்போது இல்லை. "மோரா, திங்கட்கிழமை என்னை டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போறது?"

"நான்" என்றாள் மோரா. யோசிக்கவில்லை.

"கிரெய்க்கிட்ட நானே சொல்லிக்கறேன். அவனுக்குக் குடுத்த வாக்கு, வேற ஆள் வரலைன்னாத்தான் விக்கறதுன்னு. ஆள் வந்தாச்சு. அதனால வீட்டை விக்கலை. டாக்டர் என்ன சொன்னாலும் விக்கலை." ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மைதானத்தில் கூட்டம் இரைந்தது. அவள் இல்லாமல் அங்கே பை வாங்க நிற்கும் வரிசை நீண்டுகொண்டிருக்கும். "லெஸ், திங்கட்கிழமை காலையில முன்வாசல் வழியா வா. எல்லாரும் பார்க்கட்டும். நான் திரும்பி வர்றதுக்குள்ள இந்தக் குருவி மேல இருக்கணும்."

"வர்றேன்."

"அதுக்கப்புறமும் வரணும்."

லெஸ் புரியாமல் நிமிர்ந்தார்.

"இந்த வீட்டுல எது எங்க இருந்துச்சுன்னு உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றாள் ரோண்டா. "நான் மறந்துட்டாலும் நீ மறக்கக்கூடாது."